காளானும் கமராவும்: இராக்காட்டின் சிற்றுயிர்ப் பதிவுகள் - ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில், நிலாவெளியைக் கடந்ததும், களப்பொன்று கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது இறக்கக்கண்டி. கிழக்கே கடல். மேற்கே வயலையும் பற்றையையும் தாண்டிச் சென்றால் பாலை, வீரை, முதிரை முதலிய மரங்கள் செறிந்த வரண்ட வலயக் காடு. ஆண்டிற் பெய்யும் 1,500 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களிற் காடு உறங்கிக் கிடப்பதாகவே தோன்றும். முதன்மழை விழுந்த சில நாட்களுள் அது விழித்துக்கொள்கின்றது. அவ்விழிப்பும் பெரும்பாலும் இரவிலேயே நிகழ்கின்றது. புற்றுகளின் துளைகளினூடாக ஈசல்கள் வெளிப்படுகின்றன. உக்கிய மரங்களிற் பங்கசுகள் குடை விரிக்கின்றன. அக்குடைகளின் கீழ்ச் சிறு வண்டுகளும் ஈக்களும் ஓடற்ற நத்தைகளும் வந்து கூடுகின்றன. விடிந்து வெயில் ஏறுமுன் இவற்றுட் பல மறைந்துவிடும்.

இவ்விராக்காட்சியை மனிதர் எவ்வாறு பதிந்து வந்தனர் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் நடுவே ஒரு பிளவும் உண்டு. காட்டில் ஒன்றையொன்று பற்றி வாழ்கின்ற பூச்சியும் பங்கசும் அறிஞர்தம் ஏடுகளிற் புகுந்தபோது வெவ்வேறு அலுமாரிகளுக்குச் சென்று சேர்ந்தன. அவற்றை மீண்டும் ஒரே தாளிற் சேர்த்து வைத்தது இரவிற் பிடிக்கப்படும் புகைப்படமேயாகும்.

பிளவுக்கு முந்திய நிலையைத் தமிழிலக்கியத்திலேயே காணலாம். காளானைச் சங்கப் புலவர் ஆம்பி என்றனர். புறநானூற்றிற் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையை எடுத்துரைக்கும்போது, சமைத்தலை மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைக் காட்டுகின்றார். நெருப்புப் படாத ஈரமண்ணிற் பங்கசு முளைக்கும் என்ற அவதானம் அங்கு வறுமையின் அளவுகோலாகின்றது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை இதனினும் நுட்பமானது. பாணனது வறிய அட்டிலில் முதிர்ந்த சுவரைச் சிதற் கூட்டம், அஃதாவது கறையான் கூட்டம், அரித்துவிடுகின்றது. அரித்து உதிர்ந்த புழுதியில் உள்ளே துளையுடைய காளாம்பி பூக்கின்றது. உரைகாரர் இதனை வறுமை வருணனையாகவே கொள்வர். அது சரியே. ஆயினும் கறையான் அரித்த பொருளிற் காளான் தோன்றும் என்னும் தொடர்பினை ஒரே காட்சியில் வைத்துக் கண்ட கண்ணும் அங்கு இருந்திருக்கின்றது என்பதை இலக்கிய மாணவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

நாட்டு மக்களின் வழக்கிலும் இத்தொடர்பு உண்டு. புற்றின் மேல் எழுவது புற்றுக்காளான். அதே புற்றிலிருந்து புறப்படுவது ஈசல். இரண்டும் மழையை ஒட்டி வருவன, இரண்டும் உணவாவன. விளக்கை ஏற்றி, அதன் கீழே நீர் நிறைந்த பாத்திரத்தை வைத்து ஈசல் பிடிக்கும் முறை எளியது. பின்னாளிற் பூச்சியியலாளர் அந்துப்பூச்சிகளைச் சேகரிப்பதற்குப் பயன்படுத்திய ஒளிப்பொறியின் தத்துவமும் இதுவேயன்றி வேறன்று.

இவ்வழக்கங்களுள் ஒன்றை ஐரோப்பிய அறிவுலகுக்கு முதலில் எடுத்துச் சென்றவர் யோகான் கெர்காட் கேனிக். லின்னேயசின் மாணவரான இவர் 1768இல் மிசன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர்; இலங்கைக்கும் வந்து சென்றவர். கறையான் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779இற் பெர்லினில் வெளியாயிற்று. புற்றுக்குள்ளே வளரும் பங்கசு பற்றிய முதற் குறிப்புகளுள் ஒன்று அதிலேயே காணப்படுகின்றது. ஈசல் பறக்குமுன்னரே அதனைப் பிடிக்கும் முறையையும் கேனிக் விபரித்துள்ளார். காற்று வரும் பக்கமாக ஒன்றும், காற்றுப் போகும் பக்கமாக ஒன்றுமாகப் புற்றில் இரு துளைகள் இடப்படும். பின்னைய துளையின் வாயில் நறுமண இலை தேய்த்த பானை வைக்கப்படும். முன்னைய துளையில் நாற்றப் புகை மூட்டப்படும். புகைக்கு அஞ்சிய ஈசல்கள் பானைக்குள் விழும். சிலவேளைகளில் நாகமும் வந்து விழும். பிடித்த ஈசலை மாவுடன் சேர்த்துச் செய்த பண்டம் ஏழைகளுக்கு மலிவாக விற்கப்பட்டது. பானையிலே தேய்த்த அந்த இலை கறிவேப்பிலை. அம்மரத்துக்கு லின்னேயசு இட்ட பெயரிலே கேனிக்கின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ஈசல் பிடித்தவர் எவருடைய பெயரும் எஞ்சவில்லை.

பூச்சியும் பங்கசும் இரவில் ஒன்றாகத் தோன்றிய இன்னொரு நிகழ்ச்சி தொலைதூரப் பிரேசிலில் நடந்தது. எனினும் அது இலங்கையோடு தொடர்புடையது. 1839ஆம் ஆண்டு திசம்பர் மாதத்து இரவொன்றில் ஜோர்ஜ் கார்ட்னர் என்னும் ஸ்கொத்லாந்துத் தாவரவியலாளர், சிறுவர் சிலர் தெருவில் ஒளிரும் பொருளொன்றை வைத்து விளையாடுவதைக் கண்டார். பெரிய மின்மினி என்று எண்ணிக்கொண்டு அருகிற் சென்று பார்த்தார். அது ஒரு காளான். உக்கிய பனையினத் தாவரத்தின் ஓலைகளில் முளைப்பது. அதனை இங்கிலாந்துக்கு அனுப்ப, பங்கசியலாளர் பேர்க்கிளி 1840இல் அதற்குக் கார்ட்னரின் பெயரையே இட்டார். அக்கார்ட்னர் 1844இற் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பை ஏற்று, 1849இல் நுவரெலியாவில் இறக்கும் வரை இந்நாட்டின் தாவரங்களையும் பங்கசுகளையும் சேகரித்தார். காளானை மின்மினியென்று கொண்ட அம்மயக்கத்தின் உட்பொருள் வெளிப்பட 170 ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அது பின்னர்க் கூறப்படும்.

கார்ட்னருக்குப் பின் பேராதனையில் 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றிய துவெயிற்ஸ் காலத்திலேயே பிளவின் காரணம் தெளிவாகத் தெரிகின்றது. அக்காரணம் சடப்பொருள் சார்ந்தது. வண்டொன்றைக் கொன்று ஊசியிற் குத்திவைத்தால் நூறாண்டு கழிந்தும் அதன் உருவம் கெடாது. அந்துப்பூச்சியின் சிறகும் பெரும்பாலும் நிறம் மங்காது நிற்கும். காளானோ சேகரித்த சில மணி நேரத்திற் சுருங்குகின்றது, நிறம் போகின்றது, உலர்ந்தபின் எஞ்சுவது கறுத்த தோற்றுண்டு. ஆகவே பூச்சி இலண்டனுக்குப் பொருளாகப் போகலாம். பங்கசு போகவேண்டுமாயின் அதனோடு ஓவியமும் போயாக வேண்டும். பேராதனையில் 1823 தொடக்கம் 1861 வரை 38 ஆண்டுகள் ஓவியராயிருந்தவர் ஹார்மானிஸ் த அல்விஸ் செனிவிரத்ன. அவர் மைந்தரான வில்லியம், ஜோர்ஜ் ஆகியோரும் அத்தொழிலையே மேற்கொண்டனர். 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த பிரெடெரிக் மூரின் இலங்கைச் செதிற்சிறகிகள் பற்றிய பெருநூல் இச்சகோதரரின் தூரிகையை நம்பியே நின்றது. பங்கசுகளும் இவ்வாறே நிறத்துடன் வரையப்பட்டன. பேர்க்கிளியும் புறூமும் 1870களில் இலண்டன் லின்னேயன் கழக ஏட்டில் இலங்கைப் பங்கசுகளைப் பட்டியலிட்டபோது, அவர்கள் முன் இருந்தவை உலர்ந்த துண்டுகளும் இத்தகைய துணைச்சான்றுகளுமே. இந்நாட்டின் காட்டினை அவ்விருவரும் கண்டாரல்லர்.

இவ்விடர்ப்பாடு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பூச்சிகளின் வாழ்க்கையை எழுதிப் புகழ்பெற்ற பிரெஞ்சு அறிஞர் ஆன்றி ஃபாப்ர் தம் முதுமையிற் பங்கசுகளை நீர்வண்ணத்தில் வரைந்து ஏறத்தாழ 700 ஓவியங்களை விட்டுச் சென்றார். பூச்சிகளைச் சொற்களாற் காட்டிவிட அவரால் இயன்றது. காளானுக்கு அவர் தூரிகை எடுக்க வேண்டியிருந்தது.

அரசுக்கோ இவ்வழகுகளில் நாட்டமில்லை. 1869இற் கோப்பி இலைத்துரு என்னும் நோய் தோன்றியது. அதனை உண்டாக்கும் பங்கசைப் பேர்க்கிளியும் புறூமும் அவ்வாண்டிலேயே விபரித்தனர். இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பெருந்தோட்டத்தொழில் வீழ்ந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு நாட்டின் பொருளாதாரத்தையே புரட்டிவிட்டதைக் கண்ட பின்னரே ஆட்சியாளர் பூச்சியியலாளருக்கும் பங்கசியலாளருக்கும் சம்பளம் கொடுக்க முன்வந்தனர். கொழும்பிற் பிறந்த ஏர்னெஸ்ற் கிறீன் அரசாங்கப் பூச்சியியலாளரானார். தோமஸ் பெற்ச் 1905இற் பங்கசியலாளராக வந்து சேர்ந்தார். பதவிகள் இரண்டு, அலுவலகங்கள் இரண்டு, அலுமாரிகளும் இரண்டு. தேயிலையையும் இறப்பரையும் தாக்காத சிற்றுயிர் இரு அலுமாரிகளுள் எதிலும் எளிதில் இடம்பெறவில்லை.

இவ்வெல்லையை மீறியவரும் பெற்ச்சே. வந்த மறு ஆண்டில், 1906இல், கறையான் கூடுகளின் பங்கசுகள் பற்றிய நீண்ட ஆய்வொன்றை அவர் வெளியிட்டார். கறையான்கள் மென்ற தாவரப் பொருளினாற் பஞ்சு போன்ற தட்டுகளை அமைக்கின்றன. அவற்றிலே பங்கசு வளர்கின்றது. புற்றின் மேல் எழும் காளான் அத்தட்டிலிருந்தே நீண்ட வேர் போன்ற காம்பினால் மேல்வருகின்றது. கறையான் கைவிட்டுப்போன கூட்டிலே வேறொரு பங்கசு தலையெடுக்கின்றது. இவற்றைப் பெற்ச் தோண்டியும் வளர்த்தும் பொறுமையோடு ஆராய்ந்தார். சிறுபாணாற்றுப்படையின் சிதலும் காளாம்பியும் ஒரே ஆய்வேட்டிற் சந்தித்தன எனலாம். 1942இற் பிரெஞ்சு அறிஞர் றொஜர் எய்ம் இக்காளான்களுக்கெனத் தனிச் சாதியொன்றை வகுத்து, அதற்குக் கறையானின் பெயரையும் பங்கசின் பெயரையும் இணைத்தே பெயரிட்டார்.

எனினும் பெற்ச்சின் பதிவுகளிற் பேராதனையும் ஹக்கலையும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர் மறைவின் பின் 1950இற் பிஸ்பியின் துணையோடு வெளிவந்த இலங்கைப் பங்கசுப் பட்டியல் இந்நாட்டுக்கு அடிப்படை நூல். ஆனால் அது ஈரவலயத்து, மலைநாட்டு நூல். பங்கசு ஈரத்தை விரும்புவது என்பது இதற்கு ஒரு காரணம். அலுவலகம் எங்கிருந்ததோ அங்கேயே பதிவும் இருந்தது என்பது மற்றைய காரணம், இதுவே வலிமையானதுமாகும். வரண்ட வலயத்திற் காளான் தோன்றும் காலம் சில கிழமைகளே. அக்கிழமைகளில் அங்கு எவரும் இல்லையாயின் காடு வெறுமையானது என்றே ஏடு காட்டும்.

பூச்சிகளைப் பொறுத்தவரை திருகோணமலைக்குச் சற்று நல்லூழ் வாய்த்தது. அது துறைமுகத்தினால் வந்தது. கோட்டையும் கடற்படைத்தளமும் இருந்தமையின் படை அதிகாரிகள் அங்கு வந்து தங்கினர். அவருட் பீரங்கிப் படையைச் சேர்ந்த யேர்பரி என்பவர் 1890களின் தொடக்கத்தில் திருகோணமலையிற் பூச்சிகளைச் சேகரித்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அவர் கொண்டுசென்ற குளவிகளும் ஈக்களும் பிறரால் விபரிக்கப்பட, திருகோணமலை என்ற ஊர்ப்பெயர் பூச்சியியல் ஏடுகளில் இடம்பெற்றது. பீரங்கிக்காரர் பங்கசுகளைச் சேகரிக்கவில்லை. ஓவியர் ஒருவரைக் கூட்டிவர அவருக்கு வாய்ப்புமில்லை. ஆகவே ஒரே காட்டிற் பூச்சிக்குப் பெயர் உண்டு. பூச்சி இருந்த காளானுக்குப் பதிவில்லை என்ற நிலை உருவாயிற்று.

இனி ஒளியின் கதைக்கு வரலாம். மக்னீசியத் தூளை வெடிக்கவைத்து ஒளி பெறும் முறை 1887இற் செர்மனியில் உருவாயிற்று. அமெரிக்கரான ஜோர்ஜ் ஷைறஸ் ஓடத்தின் முன்புறம் விளக்கை வைத்து இரவில் விலங்குகளை நெருங்கினார். அது அவர் பழங்குடி வேடரிடமிருந்து கற்ற உத்தி; கிழக்குக்கரைக் களப்புகளில் விளக்கொளியில் இறால் பிடிப்போருக்குப் புதுமையானதன்று. அவர் தூள்வெடி ஒளியிற் பிடித்த இராப்படங்களும் பிற படங்களுமாக 74 படங்கள் 1906 யூலையில் நசனல் ஜியோகிறபிக் சஞ்சிகையில் வெளிவந்தன. பெற்ச்சின் கறையான் ஆய்வு வெளியான ஆண்டும் அதுவே. எனினும் இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க நியாயமில்லை. தூள்வெடி மானுக்குப் பொருந்தும், வண்டுக்குப் பொருந்தாது. அது காட்டையே புகையால் நிரப்பிவிடும். புகைப்படம் என்னும் நம் சொல் வேறெந்தக் காலத்தினும் அக்காலத்துக்கே மிகப் பொருந்தியது போலும்!

1929, 1930ஆம் ஆண்டுகளில் மின்வெட்டுக் குமிழ்கள் வந்தன. 1931இல் எட்ஜெர்ட்டன் மின்னணு முறையிலான மின்வெட்டொளியை உருவாக்கினார். அதன்பின்னரே சிற்றுயிர்களின் இரவு கமராவுக்குத் திறந்தது. இதன் காரணத்தை விளக்கவேண்டும். பூச்சியை அதன் இயல்பான அளவிலேயே படச்சுருளில் விழச்செய்யும்போது தெளிவாகத் தோன்றும் ஆழம் ஓரிரு மில்லிமீற்றர் மட்டுமே. அவ்வாழத்தைச் சற்றேனும் கூட்ட வில்லையின் துவாரத்தைச் சுருக்கவேண்டும். சுருக்கினால் ஒளி போதாது. ஒளிக்காக நேரத்தை நீட்டினாற் பூச்சி அசைந்துவிடும். ஒரு செக்கனின் பத்தாயிரத்திலொரு பங்கு நேரமே நிலைக்கும் வலிய ஒளி இம்மூன்று முடிச்சுகளையும் ஒருங்கே அவிழ்த்தது. 1970களிற் பிரித்தானியரான ஸ்ரீபன் டால்ற்றன் பறக்கும் பூச்சியின் சிறகையே உறையவைத்துக் காட்டியது இவ்வழியின் உச்சம். காளானின் தேவை இதற்கு நேர்மாறானது. அது அசையாது, அதன் நிறமும் செதிள்களும் மென்மையான, பக்கத்திலிருந்து வரும் ஒளியில், நீண்ட நேரத்திலேயே தெரியும். ஒளிரும் காளானாயின் வேறு விளக்கே கூடாது. பல நிமிடங்கள் கமராவின் கண் திறந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்க முயல்வோன் இரு வேறு காலங்களைச் சமன்செய்ய வேண்டியவனாகின்றான்.

கருவி வந்தது; இறக்கக்கண்டிக் காட்டுக்குள் இரவிற் கருவியோடு செல்லும் வாய்ப்பு வரவில்லை. இரவொளி ஆபத்தாவது இம்மாவட்டத்துக்குப் புதியதன்று. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையிற் குண்டு வீசிய காலத்திலும் ஒளி மறைப்பு வாழ்க்கையின் விதியாயிருந்தது. ஆனால் 1983 தொடக்கம் 2009 வரையான போர் ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் இடப்பெயர்வும் வாழ்வாயிருந்த ஆண்டுகளில், காட்டுக்குள் இரவில் ஒரு கைவிளக்கின் ஒளி தென்படுவதே உயிருக்கு உலையாகக்கூடியது. அக்காலத்திற் பேராதனைச் சேகரிப்புகளை அடிப்படையாகக் கொண்டு கியூவைச் சேர்ந்த டேவிட் பெக்ளர் இலங்கையின் குடைக்காளான்கள் பற்றிய பெருநூலை 1986இல் வெளியிட்டார். வடகிழக்கின் காடுகளோ அவ்வாண்டில் எந்த ஆய்வாளருக்கும் எட்டாதவை. முதன்மழைக்கு எந்தப் புற்றிற் காளான் எழும் என்பது மூத்தோர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டும் அறிவு. ஊரைவிட்டு ஓடியவர் பிள்ளைகளுக்கு எந்தப் புற்றைக் காட்டுவர்? 2004 திசம்பர் 26இன் ஆழிப்பேரலை இக்கரையை மேலும் சிதைத்தது. ஏட்டிலும் இல்லாது, வாயிலும் அறுந்துபோகும் நிலையில் ஓர் அறிவுத்துறை நின்றது.

இவ்வறிவு அறுந்துபோவதன் விலை கற்பனையன்று. புற்றுக்காளானைப் போன்று வெண்குடை விரிக்கும் நச்சுக்காளான் ஒன்று வெப்பவலய நாடுகளெங்கும் உண்டு. அதனை உண்டோர் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டு துன்புறுவர். மேலிருந்து பார்க்கையில் இரண்டையும் வேறுபடுத்துவது கடினம். நச்சுக்காளான் முதிரும்போது குடையின் கீழுள்ள மடல்கள் பசுமை சாயும். அதன் வித்திகளைத் தாளிற் படியவிட்டாற் பச்சை நிறம் தரும். புற்றுக்காளானின் வித்திப்படிவு இளஞ்சிவப்பு. மண்ணைக் கிளறினால் அதன் காம்பு புற்றினுள் நீண்டு இறங்கும். இதனால் அழகிய குடையை மேலிருந்து பிடித்த படம், அது எத்துணைப் பரிசு பெற்றதாயினும், ஏட்டுக்கு உதவாது. கீழ்ப்புறம், காம்படி, நின்ற மரம் அல்லது புற்று, நாள், இடம் என்பன இல்லாத படம் பெயரில்லாத முகம் போன்றது. அவை இருப்பினும் வித்தியை நுணுக்குக்காட்டியிற் காணாது இனத்தை உறுதிசெய்ய இயலாத காளான்கள் பல. கமராவே போதும் என்போரின் உற்சாகத்துக்கு இவ்வளவிலேனும் கடிவாளம் வேண்டும்.

கமராவால் மட்டுமே இயலும் பணி வேறொன்று. கார்ட்னரின் ஒளிரும் காளானுக்குத் திரும்பினால் அது விளங்கும். 2011இல் அவ்வினம் மீண்டும் ஆராயப்பட்டுப் புதுப்பெயர் பெற்றது. 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், காளானைப் போன்று வார்த்தெடுத்த பொம்மைகளுட் பச்சை விளக்கு வைத்துப் பிரேசிற் காட்டில் நிறுத்தினர். ஒளிர்ந்த பொம்மைகளில் வண்டு, ஈ, எறும்பு முதலியன ஒளிராதவற்றினும் மிகுதியாக ஒட்டிக்கொண்டன. காளானின் ஒளி பகலில் மங்கி இரவிற் கூடுவது அதன் உட்கடிகாரத்தால் என்பதும் காட்டப்பட்டது. பூச்சி வருவது காளானுக்குப் பயன், வித்தி பரவும். மின்மினியென்று மயங்கி அருகிற் சென்ற கார்ட்னர், பூச்சிகள் செய்வதையே செய்தார் போலும். இத்தகைய சந்திப்பை ஊசியிற் குத்திய வண்டும் காட்டாது, உலர்ந்த காளானும் காட்டாது. எந்தப் பூச்சி, எந்தக் காளானில், இரவின் எந்நேரத்தில் என்ற மூன்றையும் தொடாமலும் கொல்லாமலும் பதிய வல்லது படமொன்றே.

போர் முடிந்தபின் நிலாவெளிக் காட்டோரங்களில் இரவொளி பழைய அச்சத்தைத் தருவதில்லை. யானைக்கும் பாம்புக்கும் அஞ்சினாற் போதும். நிலாவெளியின் கோணேசபுரியில், 2001இல் உருவான கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் அமைந்துள்ளது. பேராதனைக்கு அனுப்பப் பல நாள் ஆகிய காளான் அங்கு செல்லச் சிறிது நேரமே ஆகும். புற்றுக்காளானைப் பொறுத்தவரை இன்றைய ஆய்வாளர் கண்ட ஒன்று இங்கு பெரிதும் பொருந்துகின்றது. ஈசலாகப் பறந்து சென்ற அரசனும் அரசியும் புதுக்கூட்டை அமைக்கும்போது, பெரும்பாலான இனங்களிற் பங்கசை உடன் கொண்டுசெல்வதில்லை. அக்கூட்டில் முதலிற் பிறக்கும் தொழிலாளர் வெளியே சென்று காளானின் வித்திகளைக் கொணர்ந்தாலன்றிக் கூடு பிழைக்காது. ஆகவே ஈசல் பறக்கும் நாளுக்கும் காளான் விரியும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே புதுக்கூட்டின் வாழ்வைத் தீர்மானிக்கின்றது. மழை சில கிழமைகளுள் முடிந்துவிடும் இறக்கக்கண்டியில் அவ்விடைவெளி எத்தனை இரவுகள் என்பதற்கு, ஐப்பசியின் முதன்மழை தொடங்கி ஒரே புற்றை இரவுதோறும் ஒரே இடத்தில் நின்று பிடித்த படங்களே விடையாகும்.